கனூவில் போய் ஏரிக்கரையில் தங்குவது: முதல் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடினால் அல்கோன்குவின் மாகாணப் பூங்கா. 1893இல் அமைக்கப்பட்ட இந்தக் காட்டுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். வரைபடத்தைப் பார்த்ததும் நாலைந்து ஏரிகளைச் சுற்றிவர ஆசை வரும். முதல் முறை அது வேண்டாம். கனூ லேக்கில் புறப்பட்டு, ஜோ லேக்கைக் கடந்து, சின்னதான டீப்பீ லேக்கில் இரண்டு இரவு ஒரே இடத்தில் தங்குங்கள். வழியில் கனூவை, அதாவது துடுப்பு வலித்து ஓட்டும் அந்த ஒடுங்கிய வள்ளத்தை, தூக்கி நடக்க வேண்டியது ஒரே ஒரு இடத்தில்தான், 295 மீட்டர்.

1. மாதமும் பதிவும்

என் தேர்வு செப்டம்பர் தொடக்கம். மே நடுவிலிருந்து ஜூன் முழுக்கக் கரும் ஈக்கள் கடித்தே விரட்டிவிடும். மே மாதத்துத் தண்ணீரும் ஆபத்தான குளிர். மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸின் இணையத்தளத்தில் ஐந்து மாதம் முன்பே பதியலாம். பதிவது ஏரியை மட்டும்தான். போய்ச் சேர்ந்ததும் செம்மஞ்சள் பலகை உள்ள காலி இடம் எதிலும் கூடாரம் போடலாம்.

2. சாப்பாடு

தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் உள்ளே கொண்டுபோகத் தடை. ஆகவே டின்மீன் இல்லை. ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். கருவாடு வீட்டிலேயே இருக்கட்டும், அது கரடிக்கு வெற்றிலை வைத்து அழைப்பது மாதிரி. முதல் இரவுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும். அடுத்த நாளுக்கு அரிசி, சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பு.

3. ஏற்றுவதும் துடுப்பு வலிப்பதும்

இதில்தான் நேரம் எடுத்துப் பழக வேண்டும். வாடகைக்கு கெவ்லார் என்ற இலேசான, உறுதியான இழையில் செய்த கனூ கேளுங்கள், 20 கிலோவுக்குள் இருக்கும். ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற், விசில், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, 15 மீட்டர் மிதக்கும் கயிறு எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜக்கெற்றை இருக்கைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கனூ ஓட்டுவதில் நல்ல பழக்கமுள்ள ஓவியர் டொம் தொம்சன் 1917இல் இறந்தது இந்தக் கனூ லேக்கில்தான்.

பாரமான பைகள் நடுவில், அடியில். ஏறும்போது குனிந்து, இரு விளிம்பையும் பிடித்து, நடுக்கோட்டில் கால் வையுங்கள். முன்னால் இருப்பவர் சீராக வலித்தால் போதும். திசை பின்னால் இருப்பவர் கையில். அவர் வலப்பக்கம் வலித்தால் வள்ளத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மேல்கைப் பெருவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, தண்ணீரை வெளிப்புறமாகக் கொஞ்சம் தள்ள வேண்டும். கரையோரமாக அரை மணி நேரம் இதை மட்டும் செய்து பாருங்கள், கைக்குப் பழகிவிடும்.

கனூ லேக்கில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும். காலையிலேயே புறப்பட்டு, கரையை ஒட்டியே போங்கள். அலை வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி முழந்தாளிடுங்கள். கவிழ்ந்தாலும் வள்ளத்தை விடக் கூடாது, அது மிதக்கும்.

4. தூக்கி நடப்பது

தூக்கி நடக்கும் பாதையைக் காட்டும் மஞ்சள் பலகை கண்ட இடத்தில் இறங்குங்கள். பாதை அகலமானது. முதலில் பைகள், அப்புறம் வள்ளம் என்று இரண்டு நடை போனால் முதுகு தப்பும்.

5. கரையில்

கூடாரம் போடுமுன் அண்ணாந்து பாருங்கள்: பட்ட கிளை தலைக்கு மேலே இருந்தால் இடம் மாற்றுங்கள். இருட்டுமுன் உணவுப் பையை, பற்பசையும் சேர்த்து, தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். தோதான கிளை தேடவே நேரம் போகும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கழிப்பறை, காட்டுக்குள் கொஞ்சம் தள்ளியிருக்கும் மரப்பெட்டிதான்.

நெருப்பு, அங்கே ஏற்கெனவே உள்ள கல் அடுப்பில் மட்டும், தரையில் கிடக்கும் காய்ந்த விறகில். தடை அறிவித்திருந்தால் அதுவும் இல்லை, ஒரு சிறு காஸ் அடுப்பு கையில் இருக்கட்டும். அணைக்கும்போது சாம்பலில் கை வைக்க முடிகிற வரை தண்ணீர் ஊற்றுங்கள். படுக்குமுன் வள்ளத்தைக் கரையேற்றி, கவிழ்த்து, மரத்தோடு கட்டுங்கள். இரவுக் காற்று அதைக் கொண்டுபோய்விட்டால் திரும்பிவர வழியே இல்லை.