ஏஜென்ட் கருவிக்கு விளக்கம் எழுதுவதும் அதைச் சோதிப்பதும்

ஏஐ ஏஜென்ட் என்பது ஒரு மொழி மாடலை வைத்து வேலைகளைத் தானே செய்துமுடிக்கும் மென்பொருள். கருவி என்பது அந்த வேலைக்காக அது அழைக்கும் நிரல். ஆனால் உங்கள் கருவியின் நிரல் ஏஜென்ட்டின் கண்ணில் படுவதில்லை. அதற்குக் கிடைப்பவை கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வகை என்று சொல்லும் வரையறை), அழைத்த பிறகு வரும் பதில், அவ்வளவுதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் (ஏஐ மென்பொருளைக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை) சரி, அதற்கு முந்தைய ஃபங்ஷன் காலிங்கிலும் (எந்தக் கருவியை என்ன மதிப்போடு அழைக்க வேண்டும் என்று மாடல் சொல்லும் முறை) சரி, இதுதான் நிலை. விளக்கத்தில் நீங்கள் விட்டதை மாடல் ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

ரீஃபண்ட் கருவி ஒன்றைப் பார்ப்போம். விளக்கம்: ‘ஆர்டருக்கு ரீஃபண்ட் செய்யும்’. உள்ளீடு: ‘அமௌன்ட்’, முழு எண். வாடிக்கையாளர் 500 ரூபாய் கேட்கிறார், ஏஜென்ட் 500 என்று அனுப்புகிறது. ஆனால் பல பேமென்ட் கேட்வேக்கள் தொகையைப் பைசாவில்தான் வாங்கும். வாடிக்கையாளர் கைக்குப் போவது 5 ரூபாய். பிழைச்செய்தி ஏதும் வராது, லாக்கும் (செயல்பாட்டுப் பதிவு) சுத்தமாக இருக்கும். ஆகவேதான் இந்தத் தவறு ஆபத்தானது.

முதலில் உள்ளீட்டின் பெயரையே ‘அமௌன்ட்_பைசா’ என்று மாற்றுங்கள். விளக்கத்தில் ‘தொகை பைசாவில். 500 ரூபாய்க்கு 50000. ஆர்டர் தொகையைத் தாண்டக் கூடாது’ என்று எழுதுங்கள். அந்த உச்சவரம்பை சர்வரிலும் சரிபாருங்கள். விளக்கத்தை மட்டும் நம்பிப் பணத்தை விட முடியாது. தேதிக்கும் இதே கவனம் வேண்டும். 05/06/2025 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? 2025-06-05 என்ற வடிவத்தைக் கட்டாயமாக்குங்கள். நேரமும் உண்டென்றால் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30-ஐச் சேருங்கள். ரீஃபண்டுக்கான காரணம் நாலைந்துதான் என்றால் ஸ்கீமாவில் ஈனம் (enum) பட்டியலாக, அதாவது இவற்றில் ஒன்றைத்தான் தரலாம் என்ற பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

கருவி என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலோர் எழுதிவிடுகிறார்கள். எப்போது அழைக்கக் கூடாது என்பதுதான் விட்டுப்போகிறது. ‘நிலையை அறிய மட்டும் இதை அழைக்காதே, அதற்கு ரீஃபண்ட்_ஸ்டேட்டஸ் உள்ளது’ என்ற ஒரு வரி, ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கருவிகளுக்கு இடையிலான குழப்பத்தைத் தீர்க்கும். இரண்டு முறை அழைத்தால் என்னாகும் என்பதையும் சொல்லுங்கள். டைம்அவுட் ஆனால் ஏஜென்ட் மறுபடி அழைக்கும். ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காண உதவும் தனிக் குறியீடு) இல்லாவிட்டால் பணம் இருமுறை போய்விடலாம். எம்சிபியில் ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ போன்ற குறிப்புகளைச் சேர்க்க வழி உண்டு. அவை வெறும் குறிப்புகள்தான், பூட்டு சர்வரில்தான் இருக்க வேண்டும்.

‘400 பேட் ரெக்வெஸ்ட்’ (கோரிக்கை தவறு) என்று மட்டும் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு ஏஜென்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ‘ஆர்டர் எண் கிடைக்கவில்லை. ஆர்டர்_தேடல் கருவியில் ஃபோன் எண்ணைக் கொடுத்துப் பார்’ என்று திருப்பினால் அடுத்த அடி தெரியும். பட்டியல் தரும் கருவி என்றால் 20 வரிகளோடு நிறுத்தி, இன்னும் இருக்கின்றன என்பதையும் அடுத்த பக்கத்துக்கான கர்சரையும் (எங்கிருந்து தொடர வேண்டும் என்ற குறி) சேர்த்து அனுப்புங்கள். சொல்லாவிட்டால் அந்த 20-ஐயே முழுப் பட்டியல் என்று மாடல் எடுத்துக்கொள்ளும்.

இனி சோதனை. 30 பணிகள் இருந்தால் தொடங்கலாம். ‘போன வாரம் வாங்கின மிக்ஸி வேலை செய்யல, காசு வேணும்’ என்று வாடிக்கையாளர் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஆர்டர் எண் இல்லாததால் திருப்பிக் கேட்க வேண்டியவை, கருவியையே தொடக் கூடாதவை, வேண்டுமென்றே கருவியைச் செயலிழக்கச் செய்தவை, மூன்று வகையும் இருக்கட்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் சோதனைத் தரவுத்தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மதிப்பெண்ணை இறுதி நிலையை வைத்துப் போடுங்கள்: ரீஃபண்ட் வரி ஒன்றே ஒன்று இருக்கிறதா, தொகை 50000-ஆ? சில்லறை வணிகம், விமானச் சேவை ஆகியவற்றுக்காக 2024-இல் வந்த டௌ-பெஞ்ச் என்ற ஏஜென்ட் சோதனைத் தொகுப்பும் தரவுத்தளத்தின் இறுதி நிலையைத்தான் ஒப்பிடுகிறது. அழைப்புகள் இதே வரிசையில் வர வேண்டும் என்று அடம்பிடித்தால் சரியான மாற்று வழியும் தோற்றுவிடும். செய்யவே கூடாத அழைப்புகளை மட்டும் தனியாகக் கண்காணியுங்கள்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரு பணியில் தனித்தனி ஓட்டம் ஒவ்வொன்றும் வெற்றி பெற 90 சதவீத வாய்ப்பு என்றால், தொடர்ந்து 8 முறையும் வெற்றி பெறும் வாய்ப்பு சுமார் 43 சதவீதமே. ரீஃபண்ட் போன்ற வேலையில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

தோற்றவற்றின் லாக்கை வரிவரியாகப் படியுங்கள். தவறான கருவியை எடுத்திருந்தால் பெயரையும் ‘எப்போது கூடாது’ வரியையும் திருத்துங்கள். கருவி சரி, மதிப்பு தவறு என்றால் உள்ளீட்டு விளக்கத்தைப் பாருங்கள். அழைப்பு சரியாக இருந்தும் பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் பதிலின் வடிவத்தை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்து மறுபடி ஓட்டுங்கள். பணிகளில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தும்போது தொடாமல் கடைசிச் சோதனைக்கு ஒதுக்கி வையுங்கள்.

மாடலின் பதிப்பு மாறினாலோ, பக்கத்தில் புதிய கருவி ஒன்று சேர்ந்தாலோ எல்லாப் பணிகளையும் மறுபடி ஓட்டுங்கள். பழைய விளக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும், புதிய கருவியின் பெயர் பழைய கருவியின் பெயரை ஒத்திருந்தால் மாடலின் தேர்வு மாறிவிடலாம்.