குமரி மாவட்டத்திலிருந்து அமெரிக்கா வரும் பெற்றோருக்கு: பிள்ளையின் மதிப்பெண்ணும் கல்லூரிக் கட்டணமும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பிள்ளைகளைப் படிக்கவைத்த நமக்கு, பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளோ ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்களைப் பார்க்கின்றன. ஆகவே பத்திலோ பதினொன்றிலோ படிக்கும் பிள்ளையுடன் புறப்படுகிறவர்கள், ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்கி வர வேண்டும். முந்திரிக்கொத்துக்கு இரண்டு கிலோ ஒதுக்கிய எங்கள் பெட்டியில் அந்த ஒரு தாள் வரவில்லை. அதற்காக என் தம்பி பள்ளிக்கு மூன்று முறை அலைந்தான்.

பதினொன்றாம் வகுப்பின் அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வுதான் (கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முன்னோட்டம்) நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான வாசல். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்த்துப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 16,000 பேர் அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள். கட் ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், நியூ ஜெர்சியில் தவறும் மதிப்பெண் அலபாமாவில் தேறிவிடக்கூடும். நேஷனல் மெரிட் அமைப்பு நேரடியாகத் தரும் 2,500 டாலர் ஒரே ஒரு முறைதான். இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்களுக்கு அலபாமா பல்கலைக்கழகம், டாலஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை தாமாகவே அளிக்கும் பெரிய கட்டணச் சலுகைகளே உண்மையான ஆதாயம்.

ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடக் குறைப்பதில்லை; குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்தே உதவுகின்றன. முதல் மதிப்பெண் வாங்கினால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது எளிதில் செரிக்காது.

எச்4 விசாவிலுள்ள (எச்1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. கிரீன் கார்டு வந்த பிறகே அதற்கான ஃபாஃப்சா விண்ணப்பம் பயன்படும். மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம் எச்4 பிள்ளைகளுக்கு உண்டா என்பதை அந்தந்தக் கல்லூரியிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உள்ள கட்டணக் கணிப்பானில் உங்கள் வருமானத்தை இட்டுப் பாருங்கள். நிதியுதவி வேண்டுவோரிடம் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும் என்பதால், குலசேகரத்து ரப்பர் தோட்டத்தின் பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா, இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா என்பதை ஊரில் விசாரித்துக்கொண்ட பிறகே அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.