படிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்கு டேப்லெட், ஸ்மார்ட் போர்டு: எங்கெங்க தப்பு பண்றோம்

போன வருஷம் நாலாவதுல ஒரு பையன், எழுத்துக்கூட்டி படிக்கவே திணறுவான். ஒரு தவளைக் கதை வீடியோவ ஸ்மார்ட் போர்டுல நாலு நாள் தொடர்ந்து போட்டேன், அஞ்சாவது நாள் அதே கதைய பிரிண்ட் எடுத்து கைல குடுத்து படிப்பான்னேன், கடகடன்னு படிச்சிட்டான். எனக்கு அவ்ளோ சந்தோஷம், கிளாஸ் முழுக்க கைதட்ட சொல்லிட்டேன். அப்புறம்தான் அவன் விரலைப் பாத்தேன். வாய் கதை முடியற இடத்துல இருக்கு, விரல் ரெண்டாவது வரிலயே நிக்குது. நடுவுல "குளத்தில்"னு ஒரு சொல்லைத் தொட்டு இது என்னன்னு கேட்டேன். அவன் உதடு மட்டும் அசையுது, கதைய முதல்ல இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறான், அந்த இடம் எங்க வருதுன்னு தெரியாம கடைசில "தவளை"ன்னான்.

நாலு நாளும் அவன் படிக்கவே இல்ல, கேட்டு மனப்பாடம் பண்ணிருக்கான். அவனுக்கு உதவி பண்றதா நெனச்சு, அவன் தடுமாற்றத்த மறைக்கறதுக்குத்தான் அந்த வீடியோவால நான் வழி பண்ணிக் குடுத்திருக்கேன். அதுக்கப்புறம் ஆடியோவோ வீடியோவோ எது போட்டாலும் நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன், முடிஞ்சதும் நடுவுல இருந்து நாலு சொல்லைக் காட்டி கேப்பேன், இல்லன்னா கடைசி வரில இருந்து தலைகீழா ஒவ்வொரு சொல்லா படிக்க சொல்வேன். ரெண்டே நிமிஷம் ஆகும், பிள்ளை எழுத்தப் பாக்குதா இல்ல ஞாபகத்துல இருந்து சொல்லுதான்னு தெரிஞ்சிரும்.

நம்ம அரசுப் பள்ளிகள்ல இன்னைக்கு சாதனம் இல்லன்னு சொல்ல முடியாது. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, தொடக்கப் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்துச்சு, 2024-ல ஆசிரியர்களுக்கு டேப்லெட் குடுத்தாங்க, 2025-ல ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் திறன் திட்டம் வந்துச்சு. எதையும் குறை சொல்றதுக்காக இத எழுதல. ஆனா மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காகன்னு வந்த அதே சாதனத்த நாம சுவிட்ச் போட்டதும் முதல்ல பலன் அடையறது ஏற்கனவே நல்லா படிக்கிற பிள்ளைங்கதான், அது ஏன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சு, என் கிளாஸ்லயும் பக்கத்து பள்ளி டீச்சர்கள் கிட்டயும் பாத்த தப்புகளத்தான் சொல்றேன்.

எல்லாத்துக்கும் மூலமான தப்பு, பிள்ளை எங்க சிக்கிருக்குன்னு பாக்காமலே ஆப்பைத் திறக்கறது. "இவனுக்கு தமிழ் வராது, ஏதாவது தமிழ் ஆப் போட்டுக் குடுங்க"ன்னு சொல்றோம். தமிழ் வராதுன்னா எது வராது? 12 உயிரும் 18 மெய்யும் தெரிஞ்சு உயிர்மெய்ல சிக்கறவன் ஒருத்தன், எழுத்து எல்லாம் தெரிஞ்சு சொல்லா சேக்க முடியாதவன் ஒருத்தன், சொல் படிச்சாலும் வரி முடியறதுக்குள்ள அர்த்தம் மறந்து போறவன் ஒருத்தன். கொம்பு எழுத்துல பாருங்க, "கொ"ன்னு எழுதியிருந்தா பிள்ளை இடமிருந்து வலமா பாக்குது, முன்னாடி ஒற்றைக்கொம்பு, நடுவுல க, பின்னாடி துணைக்கால், அதனால "கொடி"ய "கெகாடி"ன்னு படிக்கும். இந்தப் பிள்ளைக்கு முழுக் கதை வீடியோ எதுக்கு? கெ, கே, கொ, கோ நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பத்து சொல் போதும், அத ஸ்மார்ட் போர்டுல பெருசா போட்டு கொம்ப ஒரு கலர்ல, காலை ஒரு கலர்ல காட்டினா போர்டு உண்மையிலேயே பயன்படுது. ஆனா சிக்கல் கொம்புலதான்னு கண்டுபிடிக்கறது யாரு, பிள்ளைய பக்கத்துல உக்கார வெச்சு ஒரு நிமிஷம் படிக்கக் கேட்ட நாமதான். பிள்ளைங்க வாசிப்பச் சோதிக்கற பிரதம் அமைப்போட ஏசர் சர்வேல பண்ற மாதிரி எழுத்து, சொல், பத்தி, கதைன்னு நாலு படியா ஒரு தாள் வெச்சுக்கிட்டா போதும், நாப்பது பிள்ளை கிளாஸா இருந்தாலும் ஒரு வாரத்துல முடிச்சிரலாம்.

இதே தப்போட இன்னொரு முகம், எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா ஜூன்ல பிரிச்சத மார்ச் வரைக்கும் அப்படியே வெச்சிருக்கறது. அது பிள்ளையோட பேர் இல்லங்க, அன்னைக்கு அது நின்ன இடம். மாசம் ஒரு தடவையாவது திரும்பப் பாக்கணும்.

டெல்லில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாப்ட்வேர் வெச்சு 619 பிள்ளைங்கள எடுத்து நாலரை மாசம் ஒரு ஆய்வு பண்ணி 2019-ல வெளியிட்டாங்க. ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க, நிறைய பேரு அவங்கவங்க வகுப்புக்கு பல வருஷம் கீழ இருந்தாங்க. பலன் நல்லாவே வந்துச்சு, கணக்குலயும் ஹிந்திலயும். ஏன் வந்துச்சுன்னா அந்த சாப்ட்வேர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட நிலைல இருந்து ஆரம்பிச்சுது, ஒன்பதாவது படிக்கிறான்னு ஒன்பதாவது கணக்கு குடுக்கல. இன்னொன்னு, 45 நிமிஷம் கம்ப்யூட்டர்னா அடுத்த 45 நிமிஷம் ஒரு ஆள் சின்ன குழுவா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தாங்க. நாம என்ன பண்றோம், அஞ்சாம் வகுப்பு பாடத்தோட அனிமேஷன் வீடியோவையே மொத்த கிளாஸுக்கும் ஓட விடறோம். ரெண்டாவது லெவல்ல நிக்கற பிள்ளைக்கு கரும்பலகைல புரியாத பாடம் இப்ப கலரா புரியாம போகுது, அவ்ளோதான் வித்தியாசம்.

பெருவுல கிராமத்துப் பள்ளிகளுக்கு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு குடுத்துப் பாத்தாங்க, 2012-ல வந்த ஆய்வு முடிவுல கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றம் தெரியல. நம்ம குஜராத்துலயே நடந்த ஒரு ஆய்வு இன்னும் முக்கியம், கம்ப்யூட்டர் பாடத்த வகுப்பு நேரத்த எடுத்து நடத்தினப்ப மார்க் குறைஞ்சுது, அதையே பள்ளி முடிஞ்சு கூடுதலா நடத்தினப்ப பிள்ளைங்க முன்னேறினாங்க. அதே சாப்ட்வேர்தான். டீச்சர் நேரத்த அது தின்னுச்சா, டீச்சர் நேரத்தோட சேந்து வந்துச்சாங்கறதுலதான் எல்லாம் இருக்கு. ஸ்மார்ட் போர்டுல வீடியோ ஓடும்போது நாம எமிஸ்ல, அதாவது பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவேட்டுல, என்ட்ரி போட உக்காந்தா அது முதல் வகை. எனக்கும் அந்த நெருக்கடி தெரியும், பதிவேடு முடிக்கலன்னா கேள்வி வரும். ஆனா முப்பது பேர் வீடியோ பாத்து ஏதோ ஒரு பயிற்சி பண்ற அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் கொம்புல சிக்கின நாலு பேரோட தரையில உக்கார எனக்குக் கிடைக்கிற ஒரே நேரம், அத விட்டா அன்னைக்கு வேற நேரம் கிடையாது.

அடுத்தது ஸ்கோர நம்பறது. நாலு ஆப்ஷன் கேள்வில கண்ண மூடிட்டு அழுத்தினாலே நாலுல ஒண்ணு சரியா வரும். அதுகூட பரவால்ல, ஸ்கோர் தப்புன்னு மட்டும் சொல்லும், ஏன் தப்புன்னு சொல்லாது. ஒரு பொண்ணு டேப்லெட்ல கழித்தல் பண்ணிட்டிருந்தா, 52-ல 27 போனா 35-ன்னு போட்டா, சிவப்பு வந்துச்சு. 61-ல 38 போனா 37, மறுபடி சிவப்பு. ஆப் இன்னும் பத்து கணக்கு குடுத்துச்சு, பத்தும் சிவப்பு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் அந்த 35-ஐப் பாத்தேன். கடன் வாங்கணும்னு அவளுக்குத் தெரியல, ஒன்று இடத்துல மேல 2 கீழ 7 இருந்தா பெருசுல இருந்து சிறுச கழிச்சு 5-னு போட்டிருக்கா. ஒவ்வொரு கணக்கும் ஒரே விதிப்படி ரொம்ப ஒழுங்கா போட்டிருக்கா, விதிதான் தப்பு. பத்துப் பத்தா கட்டின குச்சிக்கட்டு அஞ்சும் தனிக்குச்சி ரெண்டும் குடுத்து இதுல இருந்து 27 எடுத்துக் குடும்மான்னேன், தனிக்குச்சி பத்தாதுன்னதும் ஒரு கட்ட அவளே அவுத்தா. அப்புறம் டேப்லெட்டக் குடுத்தேன், இப்ப அதே பத்து கணக்கு நல்ல பயிற்சியா ஆச்சு. அதனால பதில் தப்பா வந்தா அடுத்த கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி ரஃப் நோட்ட வாங்கிப் பாருங்க, டேப்லெட்ல பண்ணினாலும் வழிமுறைய நோட்டுல எழுத சொல்லுங்க.

டைமர் வெச்ச க்விஸ், ஸ்கிரீன்ல பேரோட ரேங்க் வர்ற க்விஸ், இதெல்லாம் தடுமாறுற பிள்ளைகளுக்கு நான் சுத்தமா விட்டுட்டேன். மெதுவா யோசிக்கிற பிள்ளைக்கு அந்த ஓடற கடிகாரம் பயத்தத்தான் குடுக்குது, கடைசி பேரா தன் பேர் எல்லார் முன்னாடியும் வந்தா அடுத்த நாள் வயித்து வலின்னு லீவு போட்டுரும். பிளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைங்க கைல அச்சடிச்ச அட்டை மட்டும்தான், விடைக்கு ஏத்த மாதிரி அட்டைய திருப்பிப் பிடிப்பாங்க, டீச்சர் போன்ல ஒரே வீச்சுல ஸ்கேன் ஆயிரும். பிள்ளைக்கு ஆளுக்கொரு சாதனம் தேவையில்ல, யார் என்ன பதில் சொன்னாங்கன்னு பக்கத்துல இருக்கறவனுக்கும் தெரியாது, ஸ்கிரீன்ல பேர் காட்டாம மறைச்சுக்கலாம். எங்க கிளாஸ்ல வாயே திறக்காத ரெண்டு பேர் அட்டைய மட்டும் தைரியமா தூக்கினாங்க.

வாசிப்பைக் கேட்டு ஸ்டார் குடுக்கற ஆப் இருக்கே, கூகுள் ரீட் அலாங் மாதிரி. 2022 ஜூன்ல இல்லம் தேடிக் கல்வி மையங்கள்ல இத வெச்சு ரீடிங் மாரத்தானே நடத்தினாங்க. பிள்ளை வெக்கப்படாம தனியா சத்தமா படிக்க இது நல்ல வழி, நானும் பயன்படுத்தறேன். ஆனா முப்பது பேர் சத்தம் போடற கிளாஸுக்குள்ள ஓட்டாதீங்க. பக்கத்து பெஞ்சு பிள்ளை படிச்சது மைக்ல விழுந்து என் கிளாஸ் பொண்ணு ஒருத்திக்கு ஸ்டார் வந்ததையும் பாத்திருக்கேன், சரியா படிச்ச பையனுக்கு வராம அவன் முகம் சுருங்கினதையும் பாத்திருக்கேன். ழகரம் வராத பிள்ளை, வீட்டுப் பேச்சு வேற மாதிரி இருக்கற பிள்ளை, இவங்க வாசிப்ப மெஷின் தப்பா எடுக்கவும் வாய்ப்பு இருக்கு, அப்ப நாம பக்கத்துல இருந்து "நீ சரியாத்தான் படிச்ச"ன்னு சொல்லணும். வராண்டால ஒரு மூலை, மைக் வெச்ச இயர்போன், ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம், அது போதும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா நிறைய உழைப்பு இதுல வீணாப் போகுது. ஒர்க்‌ஷீட்ட பாமினி இல்ல வானவில் எழுத்துருல டைப் பண்ணி வெச்சிருப்போம். பாமினில "தமிழ்"னு நமக்குத் தெரியறது கம்ப்யூட்டருக்கு ஜே, கே, பி, ஓன்னு இங்கிலீஷ் எழுத்துதான், இன்னொரு போன்ல திறந்தா புரியாத குப்பையா வரும், படிச்சுக் காட்டற வசதியும் அத வாசிக்காது. போன் செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டிக்குள்ள செலக்ட் டு ஸ்பீக்னு ஒரு வசதி இருக்கு, எந்த போன்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் முறைல இருக்கற தமிழ தொட்டா வாசிச்சுக் காட்டும். பார்வைக் குறைபாடு இருக்கற பிள்ளைக்கு கம்ப்யூட்டர் திரைல இருக்கறத வாசிச்சுக் காட்டற என்விடிஏ சாப்ட்வேர் இலவசமா கிடைக்குது, அதுக்கும் யூனிகோட்தான் வேணும். நம்ம அரசே 2010-ல யூனிகோடுக்கு மாறிருச்சு, நம்ம பழைய ஃபைல்கள் மட்டும் மாறல. கூடவே எழுத்த பெருசாக்குங்க, வரிக்கு வரி இடைவெளி விடுங்க, கொம்பும் புள்ளியும் தெளிவா தெரியணும். சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கிட்ட ஒர்க்‌ஷீட் கேட்டீங்கன்னா பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சொல்லையும் படிச்சுப் பாத்துருங்க, ல ள ழ குழப்பம் இருக்கற பிள்ளைக்கு எழுத்துப் பிழையோட தாள் போயிடக் கூடாது.

வீடியோவ ஒரே மூச்சா ஓட விடாதீங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இப்ப என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, வேகம் அதிகமா இருந்தா 0.75-ல வைங்க, முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஸ்கிரீன்ல ஜன்னல் வெளிச்சம் அடிக்குதான்னு கடைசி பெஞ்சுல போய் நீங்களே உக்காந்து பாருங்க.

இன்னொரு தப்புதான் எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு. மாசக்கணக்கா ஆப் மாத்தி ஆப் குடுத்துட்டு, பிள்ளைக்கு கண்ணு தெரியுதா காது கேக்குதான்னு பாக்காம விடறது. கண்ணாடி போட்டதும் படிக்க ஆரம்பிச்ச பிள்ளைய நான் பாத்திருக்கேன். பிள்ளைங்க உடல்நலத்தப் பரிசோதிக்கற ஆர்பிஎஸ்கே அரசுத் திட்டத்தோட மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது நம்ம சந்தேகப் பட்டியல் கைல ரெடியா இருக்கணும். கண்ணும் காதும் நல்லா இருந்து, வாய்ப்பேச்சும் புத்திசாலித்தனமும் நல்லா இருந்து, எழுத்து மட்டும் எத்தன மாசம் ஆனாலும் பிடிபடலன்னா அது டிஸ்லெக்சியாவா இருக்கலாம். கற்றல் குறைபாட்ட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சேத்திருக்கு, தேர்வுல சலுகை இருக்கு, வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருக்காங்க. சோம்பேறின்னு ஒரு பிள்ளைய முடிவு கட்டறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு தடவை கூப்பிடுங்க.

கடைசியா வீட்டு போன். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல "இவங்க இன்னும் வாசிக்கல"ன்னு பேர் பட்டியல் போடறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, அந்த அம்மா அடுத்த நாள் தெருவுல நடக்கணும். வீட்டுப்பாடம் ஆப்ல அனுப்பினா அந்த வீட்ல போன் யார் கைல இருக்குன்னும் கேட்டுக்கோங்க. எங்க ஊர்ல பாதி வீட்ல போன் அப்பாவோட வேலைக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வரும், அதுல ரீசார்ஜும் இருக்காது. நான் இப்ப தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பறேன், படிக்கத் தெரியாத அம்மாவும் கேக்கலாம். அந்தத் தவளைக் கதை பையனோட அம்மாவுக்கு அனுப்பினது இதுதான்: "அக்கா, இன்னைக்கு அவன் கொ, கோ ரெண்டையும் பிரிச்சுப் பாத்து சரியா சொன்னான். கடைக்குப் போனா பேர்ப்பலகைல கோ எங்க இருக்குன்னு கேளுங்க." மறுநாள் காலைல வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தான், "டீச்சர், கோழிக்கடை, கோமதி ஸ்டோர்ஸ், கோவில் தெரு, மூணு பாத்தேன்"னு.