முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கடை

ஜெர்மனிக்கு வந்து சில வருடம் வேலை பார்த்து, அந்த வேலை போய்விட்டதா? "இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், சொந்தமாக ஏதாவது தொடங்கலாம்" என்று தோன்றினால், அதற்கும் இங்கே அரசு உதவி இருக்கிறது. பெயர் குருண்டுங்ஸ்சூஷுஸ். வேலை போனபின் வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து வரும் ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் 1 என்ற உதவித்தொகையைப் பெறுபவர்களுக்கானது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் தொடங்கினார். நகராட்சியில் கெவெர்பே, அதாவது தொழிலைப் பதியும்போது, தொழில் தொடங்கும் நாள் என்ற கட்டத்தில் அன்றைய தேதியையே எழுதிவிட்டார். அடுத்த வாரம்தான் உதவி கேட்டு ஆர்பைட்ஸ்அகென்டூர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார். தொழில் தொடங்கும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு தேதியால் பல ஆயிரம் யூரோ போனது. அவர் முகத்தைப் பார்த்தபிறகுதான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

பணக் கணக்கு இப்படி. முதல் 6 மாதம், நீங்கள் வாங்கிக்கொண்டிருந்த அதே தொகையும் கூடவே 300 யூரோவும். மாதம் 1,200 வாங்கியவருக்கு 1,500 வரும். தொழில் உண்மையிலேயே நடக்கிறது என்று காட்டினால், இன்னும் 9 மாதத்துக்கு 300 மட்டும் கிடைக்கலாம். இதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் அந்த 300 சமூகக் காப்பீட்டுக்காகத் தருவது. மருத்துவக் காப்பீட்டை இனி முழுதாக நீங்களே கட்ட வேண்டும் என்பதால் அது கையில் நிற்காது.

தொழில் தொடங்கும் நாளில் உங்கள் ஆர்பைட்ஸ்லோசன்கெல்ட் 1 இன்னும் குறைந்தது 150 நாளுக்கு மீதம் இருக்க வேண்டும். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். வாரத்துக்கு 15 மணி நேரமாவது இதில் உழைக்க வேண்டும். தொழில் தாக்குப்பிடிக்கும் என்று வணிகச் சபையோ வங்கியோ வரி ஆலோசகரோ எழுதித் தரும் சான்றும் வேண்டும்.

இவ்வளவும் இருந்தாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை. 2011 கடைசியிலிருந்து இது உரிமை அல்ல, அதிகாரியின் முடிவு. உங்களுக்கு எளிதில் வேறு வேலை கிடைக்கும் என்று அவர் நினைத்தால் மறுக்கலாம். அதனால் போட்ட விண்ணப்பங்கள், வந்த மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஏன் இந்தத் தொழில்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். ஜெர்மன் தடுமாறுகிறதென்றால் நன்றாகப் பேசுபவர் ஒருவரைக் கூட்டிப் போவதில் வெட்கமே வேண்டாம்.

விசாவையும் பாருங்கள். அட்டையிலோ கூட வரும் பச்சைத் தாளிலோ 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட்' அனுமதி என்று இருந்தால் சொந்தத் தொழிலும் செய்யலாம். வெறும் 'பெஷெஃப்டிகுங்' என்றால் சம்பள வேலை மட்டும்தான். ப்ளூ கார்டில் வந்தவர்கள் முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஜொப்சென்டரில், அதாவது அடிப்படை வாழ்வாதார உதவி தரும் அலுவலகத்தில், உதவி மட்டும் பெறுபவர்களுக்கு குருண்டுங்ஸ்சூஷுஸ் பொருந்தாது. அவர்களுக்கு ஐன்ஸ்டீக்ஸ்கெல்ட் என்று வேறு உதவி, அதிகபட்சம் 24 மாதம். அடுப்பு, தையல் இயந்திரம் போன்றவற்றுக்குக் கடனோ, 5,000 யூரோ வரை மானியமோ கேட்கலாம். இதுவும் அதிகாரியின் முடிவுதான்.

கடை திறந்த பரபரப்பில் பலர் மறந்துவிடும் ஒன்று: தொடங்கி 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், சொந்தத் தொழில் செய்துகொண்டே வேலையின்மைக் காப்பீட்டிலும் விரும்பித் தொடரலாம். அந்தக் கெடு தாண்டினால் சேர்க்க மாட்டார்கள்.