சகோதர நகரப் பரிமாற்றம்: அமெரிக்க, ஜப்பானியத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1955 டிசம்பர் 7. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிச் சரியாக 14 ஆண்டுகள். அந்த நாளில்தான் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரமும் ஜப்பானின் நாகசாகியும் சகோதர நகரங்களாயின, அதாவது நட்புக்காக முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்டன. நாகசாகியில் அணுகுண்டு விழுந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரு நாடுகளுக்கும் இடையே பிறந்த முதல் சகோதர நகர உறவு அது. அடுத்த ஆண்டு அதிபர் ஐசனோவர் சாதாரண மக்களே வெளிநாட்டு மக்களோடு நட்பு வளர்க்கும் இயக்கத்தை வெள்ளை மாளிகையில் தொடங்கிவைத்தார். சியாட்டிலும் கோபேயும், சான் டியேகோவும் யோகோஹாமாவும் 1957-இல் இணைந்தன. போர்ட்லாண்டும் சப்போரோவும் 1959-இல். இன்று நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க, ஜப்பானிய ஊர்கள் இப்படி ஜோடி சேர்ந்திருக்கின்றன.

இவற்றில் சில, நகர்மன்ற வாசலில் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. சில இடங்களில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் படிக்கிறார்கள். இரு வகை ஊர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய ஒரே மாதிரியானதுதான். ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும்வரை யார் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதல் தவறும் அங்கேதான். பயணத்தையே உறவு என்று நினைத்துவிடுவது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மேயர் தலைமையில் ஒரு குழு போகும். விருந்து, உரை, ஒப்பந்தப் புதுப்பிப்பு, புகைப்படம். திரும்பி வந்ததும் நன்றிக் கடிதம் ஒன்று. அதற்கப்புறம் அடுத்த ஆண்டு நிறைவு விழாவரை பேச்சே இருக்காது. கிளம்புகிற ஆர்வத்தில் பாதியையாவது அந்த இடைக்காலத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். இரண்டு பள்ளிகளின் ஒரே வகுப்பு மாதம் ஒருமுறை படங்கள் அனுப்பிக்கொள்வது, இரண்டு நூலகங்கள் புத்தக அலமாரி ஒன்றைப் பகிர்ந்துகொள்வது, மீனவர்கள் மீனவர்களோடும் தீயணைப்பு வீரர்கள் தீயணைப்பு வீரர்களோடும் பேசுவது என்று சின்னச் சின்னதாக இருந்தால் போதும்.

கலிபோர்னியாவின் வடகோடியில் கிரசன்ட் சிட்டி என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை அந்த ஊரின் கடைத்தெருவையே அடித்துக்கொண்டு போனது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ரிகுசென்தகாதா ஊரில் ஆழிப்பேரலை 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் படகு ஒன்று பசிபிக்கைக் கடந்து, 2013 ஏப்ரலில் கிரசன்ட் சிட்டி கடற்கரையில் ஒதுங்கியது. படகின் பெயர் ‘கமோமே’. உள்ளூர் டெல் நோர்ட்டே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அதன்மேல் அடர்ந்திருந்த சிப்பிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அதே ஆண்டு அக்டோபரில் திருப்பி அனுப்பினார்கள். இரு பள்ளி மாணவர்களும் மாறி மாறிப் போய் வந்தார்கள். இரண்டு ஊர்களும் முறைப்படி சகோதர நகரங்கள் ஆனது 2018-இல்தான். நட்பு முதலில் வந்தது, கையெழுத்து ஐந்து ஆண்டு கழித்து. பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஆட்களைத் தேடுகிறார்கள்.

அடுத்தது, என் பார்வையில் மிக அதிகமான உறவுகளைக் கெடுப்பது: மறுபக்கமும் நம்மைப் போலவே இயங்குகிறது என்ற நினைப்பு. அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தன்னார்வச் சங்கங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பல் மருத்துவர், ஜப்பானிய மொழி படிக்கும் கல்லூரிப் பெண் என்று பத்துப் பேர் மாலையில் கூடி முடிவெடுப்பார்கள். நகராட்சி வாழ்த்துச் சொல்லும், கொஞ்சம் பணம் தந்தால் உண்டு. ஜப்பானில் பல ஊர்களில் இது நகராட்சியின் பன்னாட்டுப் பரிமாற்றப் பிரிவின் வேலை, அல்லது நகராட்சி ஆதரவில் நடக்கும் சங்கத்தின் வேலை. கடிதத்துக்குப் பதில் எழுதுபவர் சம்பளம் வாங்கும் அலுவலர். ஒரு யோசனைக்கு அவரால் உடனே சரி என்று சொல்ல முடியாது. குறிப்பு எழுதி, மேலதிகாரிகள் ஒவ்வொருவராகப் பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் பதில் வரும். மூன்று வாரம் பதில் இல்லை என்றால் ஆர்வம் இல்லை என்று பொருளல்ல. அந்த நேரத்தில் மேயருக்கே நேரடியாக எழுதி அவசரப்படுத்தினால், உங்களுக்காக உள்ளே உழைத்துக்கொண்டிருந்த அதே அலுவலர் சங்கடத்தில் மாட்டுவார்.

பணமும் அப்படித்தான். ஜப்பானின் நிதியாண்டு நம் ஊரைப் போலவே ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஆண்டுச் செலவுக்கான கோரிக்கைகளை அலுவலகங்கள் இலையுதிர் காலத்திலேயே தொகுக்கத் தொடங்கிவிடும். நகர்மன்றம் மார்ச்சில் ஒப்புதல் தரும். மே மாதம் “வருகிற அக்டோபரில் இருபது பேரை அனுப்புங்களேன்” என்று அமெரிக்கச் சங்கம் அன்போடு எழுதினால், அங்கே அதற்கு ஒதுக்கீடு கிடையாது. அதே அழைப்பை முந்தைய ஆண்டு செப்டம்பரில் எழுதியிருந்தால் நடந்திருக்கும்.

ஏப்ரல் 1 இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். ஜப்பானிய நகராட்சி ஊழியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துறை மாற்றப்படுவார்கள். உங்கள் ஊரின் கதை முழுவதும் தெரிந்திருந்த ஒருவர் திடீரென்று குடிநீர்ப் பிரிவுக்குப் போய்விடுவார். மார்ச் முடிவதற்குள், நடந்தது என்ன, நிலுவையில் இருப்பது என்ன, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் ஜப்பானிய மொழியிலும். புதிதாக வருபவர் மேசையில் முதல் நாளே அது இருக்கும்.

ஊரே மாறிவிடுவதும் உண்டு. 1999 மார்ச்சில் 3,232 ஆக இருந்த ஜப்பானிய உள்ளாட்சிகள், பெரும் இணைப்பு நடவடிக்கைக்குப் பிறகு 2010 மார்ச்சில் 1,727 ஆகச் சுருங்கின. சின்ன ஊர் பக்கத்து நகரத்தோடு கலந்தபோது, அதன் அமெரிக்கச் சகோதரியைப் புதிய நகராட்சி ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம். தனிப்பட்ட குடும்பங்களோடு தொடர்பு வைத்திருந்த அமெரிக்கக் குழுக்களுக்கு அந்த நேரத்தில் பேச ஆள் இருந்தது. நகராட்சி முகவரி ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதுகூட இல்லை.

மாணவர் பயணத்துக்கு நாள் குறிப்பதிலும் இதே கவனம் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் ஜூனில் மூடிவிடும். ஜப்பானில் ஜூலை 20 வாக்கில்தான் கோடை விடுமுறை. இருவருக்கும் பொதுவான விடுமுறை என்று ஆகஸ்ட் நடுவைத் தேர்ந்தெடுத்தால் அது முன்னோரை நினைவுகூரும் ஒபோன் பண்டிகைக் காலம். குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போகும், ரயில் நிரம்பி வழியும், வெயிலும் கொளுத்தும். ஜூன் பிற்பகுதியில் அமெரிக்கப் பிள்ளைகள் போனால் வகுப்பறையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். ஜப்பானியப் பிள்ளைகள் மார்ச் கடைசியில் வந்தால் அமெரிக்கப் பள்ளி நடந்துகொண்டிருக்கும். ஜப்பானில் ஒன்பதாம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவர்களை அழைக்காதீர்கள். அவர்களுக்கு அது நுழைவுத் தேர்வு ஆண்டு.

இனி பரிசுகள். இதில் அன்பே சிக்கலைக் கொண்டுவரும். டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அனுப்பிய முதல் தொகுதி செர்ரி மரங்கள், 2,000, 1910 ஜனவரியில் வந்து சேர்ந்தன. பூச்சியும் நோயும் இருந்ததால் அத்தனையையும் எரிக்க வேண்டியதாயிற்று. டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி மனம் தளராமல் மறுபடி அனுப்பிய 3,020 மரங்கள்தான் 1912-இல் நடப்பட்டன. நூறு ஆண்டு கடந்தும் விமான நிலையச் சுங்கத்தில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ப் பெருமை என்று பதப்படுத்திய மாட்டிறைச்சித் துண்டுகளை எடுத்துப்போவார்கள். அரசு ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் இறைச்சிப் பொருட்களை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பழமும் விதையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. உள்ளூர் மேப்பிள் பாகு, அஞ்சலட்டைகள், பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்கள் போதும். நான்கு நான்காக அடுக்கிய பொருட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த எண்ணை ஜப்பானியர் சாவோடு சேர்த்து நினைப்பார்கள். நேர்த்தியாகச் சுற்றிக் கொடுங்கள். உடனே பிரித்துப் பார்க்கவில்லை என்று வருந்தாதீர்கள், அது அங்கே மரியாதை.

விலை உயர்ந்த பரிசு, வாங்கியவருக்குச் சுமை. அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்ற கவலை அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் கொடுத்துக்கொள்ளும் மணிக்கும் தோட்டத்துக்கும் இது இன்னும் பொருந்தும்: முப்பது ஆண்டு கழித்து மணி மண்டபத்தின் கூரையை மாற்றுவது யார், மரம் கத்தரிக்கத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார் என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்க வேண்டும். 1927-இல் அமெரிக்கப் பிள்ளைகள் பெயரில் ஜப்பானியப் பள்ளிகளுக்கு 12,739 பொம்மைகள் போயின. ஜப்பான் 58 பெரிய பொம்மைகளைப் பதிலுக்கு அனுப்பியது. போர் வந்ததும் ஜப்பானில் அமெரிக்கப் பொம்மைகளில் பெரும்பாலானவை எதிரியின் பொம்மைகள் என்று அழிக்கப்பட்டன. தப்பியது சுமார் முந்நூறு. அவற்றில் பல, ஆசிரியர்கள் துணிந்து ஒளித்து வைத்ததால் தப்பியவை.

வீட்டில் தங்கவைக்கும் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் ஆபத்தானது மருந்து. கவனக்குறைவுக் கோளாறுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் பலர் எடுத்துக்கொள்ளும் அட்டரால் ஜப்பானில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மருத்துவர் சீட்டு இருந்தாலும் கைது வரை போகலாம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளும் கூடாது. பயணத்துக்குப் பல மாதம் முன்பே ஒவ்வொரு பெற்றோரிடமும் மருந்துப் பட்டியல் வாங்கி, ஜப்பானியத் தூதரகத்தில் கேட்டு, மருத்துவரோடு பேசி மாற்று வழி பார்க்க வேண்டும். விமானம் ஏறுகிற வாரத்தில் யோசிக்கிற விஷயமில்லை இது.

சாப்பாட்டில், “சைவம்” என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். மீன் சாறு, இறைச்சி, முட்டை என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வாமையும் அப்படியே, குறிப்பாக சோபா நூடுல்ஸில் இருக்கும் பக்வீட் தானியம். ஜப்பானில் குளியல் தொட்டிக்கு வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அதே நீரில்தான் ஊறுவார்கள். அமெரிக்க வீட்டுக்கு வரும் ஜப்பானியப் பிள்ளையிடம் “பசிக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். “சாண்ட்விச்சா, சூப்பா?” என்று கேளுங்கள். வந்த முதல் நாளே தீம் பார்க்குக்கு இழுத்துப் போகாதீர்கள். அத்தனை மணி நேர வித்தியாசத்தில் அந்தக் குழந்தை நின்றபடியே தூங்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம். நீண்ட நாள் நண்பர் என்று ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அந்த விதிக்கே பொருளில்லை.

வரலாற்றைப் பற்றிப் பேசவே கூடாது என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அதுவும் தவறுதான். டெக்சாஸின் சான் ஆன்டோனியோவைப் பாருங்கள். குமமோதோவோடு 1987-இல் சகோதர நகரமான ஊர் அது. 2008 முதல் நம் சென்னைக்கும் சகோதரிதான். அங்குள்ள ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தைப் பராமரித்துவந்த ஜிங்கு குடும்பம் 1942-இல் வெளியேற்றப்பட்டது. தோட்டத்துக்குச் சீனத் தேநீர்த் தோட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் திரும்பியது 1984-இல். குமமோதோவிலிருந்து வரும் விருந்தினரை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறவர் இந்தக் கதையையும் சொல்ல வேண்டும். போரின்போது மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளை ஜப்பானின் பிரதிநிதிகளாக மேடையில் நிறுத்துவது அவர்களை மறுபடி அந்நியராக்கும் செயல். விருப்பமிருந்தால் குழுவை வழிநடத்த அழையுங்கள்.

கசப்பான நினைவை நேராகச் சந்தித்த ஊர்களும் உண்டு. பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட தளபதி யமமோதோ பிறந்த ஊர் நாகவோகா. 1945 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்த ஊரும்கூட. அது 2012-இல் ஹோனலூலுவோடு சகோதர நகரமானது. போர் முடிந்து 70 ஆண்டு நிறைந்தபோது, 2015 ஆகஸ்ட் 15 அன்று, நாகவோகாவின் வாணவேடிக்கைக் கலைஞர்கள் இறந்தவர்கள் நினைவாகப் பேர்ல் ஹார்பரிலேயே வாணம் விட்டார்கள்.

மாறாக, 1957 முதல் நீடித்த சான் பிரான்சிஸ்கோ, ஒசாகா உறவை 2018-இல் ஒசாகா மேயர் முறித்துக்கொண்டார். ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவுச் சிலையை சான் பிரான்சிஸ்கோ ஏற்றுக்கொண்டதுதான் காரணம். மக்களுக்கிடையிலான உறவை ஒரு மேயர் தனியாக முடித்துவிட முடியாது என்று சான் பிரான்சிஸ்கோ மேயர் பதில் சொன்னார். அந்தப் பதில் எந்த அளவு உண்மையாகும் என்பது, நகராட்சியைத் தாண்டி எத்தனை வீடுகள், பள்ளிகள், இசைக்குழுக்கள் ஒன்றையொன்று நேரடியாக அறிந்திருந்தன என்பதைப் பொறுத்தது.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே வைத்திருப்பது. பல சங்கங்களில் முப்பது ஆண்டுத் தொடர்புகளும் ஒரே மூத்தவரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கின்றன. அவர் உடல்நலம் குன்றினால் எல்லாம் நின்றுபோகும். பொது மின்னஞ்சல் முகவரி ஒன்று, தங்கிப்போன மாணவர்களின் பட்டியல் ஒன்று, இருபக்கமும் இரண்டிரண்டு தொடர்பாளர்கள் என்று இன்றே ஏற்பாடு செய்யலாம். பதினான்கு வயதில் போய்வந்த பிள்ளையிடம் அடுத்த குழுவுக்கான தயாரிப்புக் கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். மேடை உரை வேண்டாம். குளியலறை, ரயில் சீட்டு, எந்த நேரத்தில் அமைதியாக இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். கூட்டம் முடிந்ததும் சங்கத்தில் ஒரு பொறுப்பும் கொடுத்துவிடுங்கள்.