கடை வேலையை விட்டு நல்ல வேலைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் வாங்கின மறுநாள் கடைக்குப் போகாமல் நின்றுவிடுவது. சேலத்தில் பகுதிநேரமாகக் கடை வேலை பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் பலர் வேலையை விடும் முறை இதுதான். போன் அடித்தால் எடுப்பதில்லை. நாலு நாள் கழித்துக் கடையின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறிவிடுவார்கள். பி.காம். இரண்டாம் வருடத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். அதனால் இந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் இருந்தேன். மதியம்வரை கல்லூரி, 3 மணியிலிருந்து ராத்திரி 9 மணிவரை கடை. ஓர் ஆடிட்டர் ஆபீசில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போட ஆள் தேடுகிறார்கள் என்று கல்லூரி சீனியர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன், எடுத்துக்கொண்டார்கள். கடையில் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சூப்பர்வைசர் அண்ணன் திட்டுவார், சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை போகவில்லை.

அது முகூர்த்த மாதம். செக்ஷனில் நாங்கள் இரண்டே பேர். என்னோடு நின்ற அக்கா ஆட்டையாம்பட்டியிலிருந்து வருகிறவர். கல்யாணச் சேலை பார்க்க ஒரு குடும்பம் உட்கார்ந்தால் 40, 50 சேலையாவது பிரிபடும். ஒருவர் எடுத்து விரிக்க, இன்னொருவர் பின்னாலேயே மடித்துக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு இரண்டையும் அந்த அக்கா ஒருவரே செய்திருக்கிறார். எல்லாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டு வெளியே வந்தபோது ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டது.

இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பார்ட்டியிடம் பில் ஃபைல் வாங்கி வரச் சொல்லி ஆபீசில் அனுப்பினார்கள். போய் நின்ற இடம் அதே கடை. மேனேஜர் ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டு, "சொல்லிட்டுப் போயிருந்தா ஆடிட்டர்கிட்ட நானே ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லியிருப்பேனே தம்பி" என்றார். அந்த அக்கா, "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்டார். பஸ் விஷயத்தைச் சொன்னது பில்லிங்கில் இருந்த பையன்.

பல லட்சம் பேர் இருக்கிற ஊர் சேலம். ஆனால் வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர், வெள்ளிப் பட்டறைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், மூவருக்கும் ஆடிட்டர் ஒருவராகவே இருக்கலாம். நாளைக்கு நீங்கள் எங்கே போய் நின்றாலும் 'முன்னே எங்கேப்பா இருந்தே' என்ற கேள்வி வரும். ஒரு போன் போட்டு விசாரிக்கவும் செய்வார்கள்.

எப்படிச் சொல்வது?

முதலில் மேனேஜரிடம், நேரில் சொல்லுங்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் முன்பே சொல்லி, அது அவர் காதுக்குச் சுற்றி வந்து சேர்ந்தால் வருத்தம் கூடும். வாரநாளில் மதியம் 3 மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும், அப்போது போங்கள். ஞாயிறு சாயங்காலம் வேண்டவே வேண்டாம். சேரும்போது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் 15 நாள் கொடுப்பது நியாயம். அப்புறம் ஒரு சின்னக் கடிதம்:

"ஐயா, கடந்த 14 மாதங்களாக நம் கடையில் சேலைப் பிரிவில் பகுதிநேரமாக வேலை செய்து வருகிறேன். படிப்புக்குத் தொடர்புடைய வேலை கிடைத்துள்ளதால் வருகிற 22ஆம் தேதியுடன் விலகிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அதுவரை வழக்கம்போல் வேலைக்கு வருவேன். என் பொறுப்பில் உள்ள ஸ்டாக்கை ஒப்படைத்துவிடுகிறேன். இதுவரை வேலை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி."

இவ்வளவு போதும். புதுச் சம்பளம் எவ்வளவு, சூப்பர்வைசர் எப்படிப் பேசினார், இதெல்லாம் கடிதத்தில் வேண்டாம். கொடுத்த கடிதத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிற 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த சம்பளத் தேதியில் சேர்த்துத் தருகிறோம் என்று கடையில் சொன்னால் அதுவரை பொறுப்பதும் பொறுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் ஓடி ஒளிய வேண்டியதில்லை. கொடுக்கவே மறுத்தால் தொழிலாளர் துறையில் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

'வாங்க பார்க்கலாம்' என்பது வேலை கிடைத்ததாக ஆகாது

இன்டர்வியூவில் சிரித்துப் பேசினார்கள் என்பதற்காக அன்று ராத்திரியே கடையில் சொல்லிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதியில் சேர வேண்டும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, சம்பளம் எவ்வளவு, இந்த மூன்றும் எழுத்தில் வரட்டும். சின்ன ஆபீஸ் என்றால் ஆர்டர் தர மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்காட்டு ஹோட்டல் வேலையிலும் இதே ஆபத்து இருக்கிறது. மே மாதக் கோடை விழா சமயத்தில் கீழேயிருந்து நிறையப் பிள்ளைகளை எடுப்பார்கள். சாப்பாடு உண்டு, கையில் கிடைப்பதும் கூடுதல். சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். வருடம் முழுக்க ஓடுகிற கடை வேலையை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், ஜூனில் வெறுங்கையோடு இறங்கி வந்தால் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது? லீவில் மட்டும் போகிறேன் என்று கடையில் பேசிவிட்டுப் போனால் அது நல்ல யோசனை.

பணம் கட்டச் சொல்கிற எந்த வேலையும் வேலையே இல்லை. டேட்டா என்ட்ரிக்கு டெபாசிட், யூனிபார்முக்கு முன்பணம், டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று தொடங்கி நாலாவது நாள் நம்மையே பணம் போடச் சொல்வது, இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று கோட்டு மாட்டிப் பேசுவது. எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஏமாந்துவிட்டால் வீட்டுக்குப் பயந்து மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. நிஜமான வேலை தேட கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். காசு வாங்குவதில்லை.

சம்பளத் தொகையை மட்டும் பார்ப்பது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கல்லூரிக்குப் பக்கத்திலேயே கடை. தினம் 5 மணி நேரம், மாதம் 26 நாள், சம்பளம் 6,000 ரூபாய். மொத்தம் 130 மணி நேரம், மணிக்கு 46 ரூபாய். புது வேலை ஊருக்கு வெளியே. தினம் 6 மணி நேரம், சம்பளம் 7,500. மணிக்கு 48 ரூபாய் வருகிறது, சரி. இப்போது பஸ்ஸுக்குத் தினம் 40 ரூபாயைக் கழித்து, போக வர ஆகும் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். கையில் நிற்பது 6,460 ரூபாய், போட்டது 195 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய்! பெண் பிள்ளைகளுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் 38 ரூபாய் சொச்சம் வரும். அதுவும் கடையைவிடக் குறைவுதான்.

அதற்காகச் சம்பளம் குறைந்தால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. கடையில் வாங்கியதைவிட 1,000 ரூபாய் குறைவாகத்தான் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தேன். டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கைக்கு வந்தன, அதுதான் இன்றுவரை சோறு போடுகிறது. அந்த வேலை எதைக் கற்றுக்கொடுக்கும் என்பதையும் கணக்கில் ஒரு வரியாக எழுதுங்கள் என்கிறேன்.

நேரத்தையும் விசாரித்துவிடுங்கள். கடையில் ஆடியும் தீபாவளியும் நெருக்கடி என்றால், ஆடிட்டர் ஆபீசில் மாதாமாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். மறுநாள் காலை கல்லூரியில் 75 சதவீத வருகையும் இருக்க வேண்டும்.

எப்போது விடுவது என்பதில் இன்னொரு சிக்கல் தீபாவளி. நவம்பர் செமஸ்டரும் தீபாவளிக் கூட்டமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரும். போனஸ் போய்விடுமே என்று நின்று இரண்டு பேப்பரில் அரியர் வைத்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் போனது இது: தீபாவளிக்குக் கொடுக்கும் போனஸ் போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரையிலான வருடத்துக்கு உரியது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையில், அந்த வருடத்தில் 30 நாளாவது வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி போனஸ் உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். நடுவில், ஆகஸ்டில் விலகினாலும் அந்தப் பணம் உங்களுடையது. விலகும்போதே மேனேஜரிடம் பணிவாக ஞாபகப்படுத்திவிட்டு வாருங்கள். அதே சமயம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று நிற்காதீர்கள். பரீட்சைக்காக விடுவதென்றால் ஆயுத பூஜைக்கு முன்பே சொன்னால் கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

வாங்கி வர வேண்டியவை

சில கடைகளில் சேரும்போதே பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கொடுத்திருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல், விலகுவதாகச் சொல்கிற அன்றே கேளுங்கள். கடையில் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் எவ்வளவு பாக்கி என்று எழுதி வாங்கி, கடைசிச் சம்பளத்தில் நேர்செய்துகொள்ளுங்கள்.

பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிதான் பிள்ளைகள் அடியோடு மறந்துவிடும் விஷயம். பகுதிநேரம்தானே, நமக்கெல்லாம் ஏது என்று நினைத்துவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் 12 சதவீதம் பிடித்திருந்தால் உங்களுக்கு யுஏஎன் என்ற 12 இலக்க பிஎஃப் கணக்கு அடையாள எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை வாங்கி, அதில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கடையை விடும் முன்பே பாருங்கள். இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தால்கூடப் பின்னாளில் பணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும். விலகிய தேதியைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். புது இடத்திலும் பிஎஃப் உண்டென்றால் பழைய யுஏஎன்னையே கொடுங்கள். தெரியாமல் இன்னொரு எண் உருவாகிவிட்டால், அதை ஒன்றாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடை வேலையை ரெஸ்யூமில் மறைப்பது

எங்கள் ஆபீசுக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் ரெஸ்யூமை இப்போது நான்தான் முதலில் பார்க்கிறேன். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கும். பேச்சுக் கொடுத்தால் ஒன்றரை வருடம் சூப்பர் மார்க்கெட்டில் நின்றது தெரியவரும். ஏன் எழுதவில்லை என்றால், "அது சும்மா கடை வேலைதானே அண்ணா" என்பார்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். எட்டு மணி நேரம் உட்காராமல் நின்று வேலை பார்த்த உழைப்பு அது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் தனியாகச் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'வாடிக்கையாளர் சேவை' என்று பொதுவாக எழுதாதீர்கள். என்ன செய்தீர்களோ அதையே எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை பில் போட்டீர்கள், ஸ்டாக் எடுக்கும்போது எத்தனை அயிட்டம் உங்கள் பொறுப்பு, புதிதாகச் சேர்ந்த யாருக்கு வேலை சொல்லிக் கொடுத்தீர்கள்.

போன மாதம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். மூன்றாம் வருடம், பில்லிங் கவுண்டரில் பகுதிநேர வேலை. ராத்திரி கல்லாவை எப்படி முடிப்பாய் என்று கேட்டேன். ரொக்கம் தனியாக எண்ணி, கார்டு மெஷின் சிலிப்பைத் தனியாகக் கூட்டி, ஜிபே பணத்தை போனில் பார்த்து, மூன்றையும் கம்ப்யூட்டர் மொத்தத்தோடு ஒப்பிடுவேன் என்றாள். கணக்கில் 200 ரூபாய் உதைத்தால்? "ரிட்டர்ன் பில்லை முதல்ல பார்ப்பேன் அண்ணா. பெரும்பாலும் அங்கதான் இருக்கும்." நாங்கள் பேங்க் கணக்கை நேர்செய்வதும் இதே வேலைதான். அதை ரெஸ்யூமில் எழுதச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமையே வந்துவிடலாம் என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கடையில 15 நாள் சொல்லிட்டுத்தான் அண்ணா வர முடியும். கவுண்டர்ல இன்னொரு பொண்ணுக்குக் கல்லா முடிக்கச் சொல்லிக் கொடுக்கணும்."

"சொல்லிக் கொடுத்துட்டே வாம்மா" என்றேன்.