பழைய காருக்கு மாற்றுச் சாவி: சீக்கிரம் தேயாமல் இருக்க

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டாதீர்கள். அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். பல பழைய கார்களில் பூட்டு உருளையிலேயே சாவி எண் பொறித்திருக்கும். கதவுப் பூட்டைக் கழற்றிப் பாருங்கள், அந்த எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

வெற்றுச் சாவி, அதாவது இன்னும் பல் வெட்டாத சாவி, நிக்கல் சில்வரில் இருந்தால் நல்லது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளையைவிடக் கடினம். அலுமினியம் வளையும், சீக்கிரம் தேயும். எஃகுச் சாவி நீடிக்கும், ஆனால் பூட்டுக்குள் சாவிப் பற்கள் உரசும் பித்தளைத் தகடுகளைத் தின்றுவிடும். பூட்டை மாற்றுவதுதான் பெரிய தலைவலி, சாவியை அல்ல.

வெட்டிய விளிம்பில் பிசிர் இருந்தால் நுண்ணரத்தால் மெல்லத் தேயுங்கள். பூட்டுக்குள் கிராஃபைட் தூள் சிறிதளவு போதும். எண்ணெய் தூசியைப் பிடித்து இறுகும். இக்னிஷன் சாவியில் கனமான கொத்து தொங்கவே கூடாது.

புதுச் சாவியையும் ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தால், பெரும்பாலும் தேய்ந்தது பூட்டின் தகடுகள். பலம் கொடுத்தால் சாவி உள்ளேயே முறியும்.